சொந்தக் காலில் நிற்கச் சொன்ன ஹோமி பாபா, முதல் அணுமின் நிலையத்தை அமெரிக்காவிடம் வாங்கியது ஏன்?

மும்பையிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால், அரபிக்கடல் ஓரத்தில் தாராப்பூர் வரும். இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1969 அக்டோபரில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய அதன் முதல் இரண்டு உலைகளும் 'கொதிநீர் உலை' என்ற வகையைச் சேர்ந்தவை. நாட்டில் மின்சாரம் தயாரிக்க அந்த வகை உலை வேறெங்கும் கட்டப்படவில்லை. கல்பாக்கம் வேறு வகை, கூடங்குளம் அதைவிட வேறு வகை.

தாராப்பூர் மட்டும் ஏன் இப்படித் தனியா நிக்குது? இதற்கான பதிலைத் தேடினால் ஒரு மனிதரிடம்தான் போய் முடியும்: ஹோமி ஜஹாங்கீர் பாபா. அணுசக்தியில் இந்தியா யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று திட்டம் போட்டவர் அவர். அந்தத் திட்டத்திலேயே இடம்பெறாத, வெளிநாட்டு எரிபொருள் இல்லாமல் ஓடாத ஓர் உலையை வாங்கியவரும் அவர்தான்.

இது முரண்பாடா, கணக்குப் போட்டு எடுத்த முடிவா? அவருடைய வாழ்க்கையையும், அந்த உலை நீராவி தயாரிக்கும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

இரும்பாலைக்குப் போக வேண்டியவர்

பாபா பிறந்தது 1909 அக்டோபர் 30, பம்பாயில், வசதியான பார்சி குடும்பத்தில். அப்பா வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், தோராப்ஜி டாடாவின் மனைவி. அதனால் பையனின் எதிர்காலம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது: கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து ஜாம்ஷெட்பூர் டாடா இரும்பாலையில் சேர வேண்டும்.

1927-ல் கேம்பிரிட்ஜ் போனார். போன இடத்தில் இயற்பியல் அவரைப் பிடித்துக்கொண்டது. டிராக் போன்றவர்கள் குவாண்டம் இயற்பியலை உருவாக்கிக்கொண்டிருந்த இடமும் காலமும் அது. இன்ஜினியரிங் வேண்டாம், இயற்பியல்தான் வேண்டும் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அப்பா ஒரு டீல் பேசினார்: முதலில் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு வாங்கு, அப்புறம் நீ கேட்டதைப் படிக்க நான் பணம் தருகிறேன். 1930-ல் முதல் வகுப்பு வாங்கிக் காட்டினார். வீட்டுக்காக ஒரு டிகிரி, மனசுக்காக இன்னொரு படிப்பு என்ற இந்த இழுபறி உங்களுக்கும் புதுசா இருக்காது.

அடுத்து வந்தது ஆராய்ச்சி. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதினால் எப்படிச் சிதறும் என்று அவர் போட்ட கணக்குக்கு இன்றும் 'பாபா சிதறல்' என்றுதான் பெயர். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் நுழைந்ததும் துகள் மழையாகப் பெருகுவது எப்படி என்பதை 1937-ல் வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து விளக்கினார். முப்பது வயதுக்குள் ஐரோப்பிய இயற்பியல் வட்டாரத்தில் தெரிந்த பெயராகிவிட்டார்.

லீவுக்கு வந்தவர் திரும்பவில்லை

1939-ல் விடுமுறைக்காக ஊருக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் சர் சி.வி. ராமன் இருந்தார். 1941-ல், 31 வயதில், லண்டன் ராயல் சொசைட்டி பாபாவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

போர் முடிந்ததும் ஐரோப்பாவுக்கே போயிருக்கலாம். ஆனா 1944 மார்ச்சில் டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் அடிப்படை ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனம் வேண்டும், அணுமின்சாரம் சாத்தியமாகும்போது நிபுணர்களை வெளிநாட்டில் தேடும் நிலை வரக்கூடாது என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னால் எழுதியது அது. 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது.

1948-ல் அணுசக்தி ஆணையம் அமைந்தது, பாபா தலைவர். 1954-ல் அணுசக்திக்கெனத் தனித் துறை, அதற்கும் அவரே செயலாளர். நேரடியாகப் பிரதமர் நேருவிடம்தான் ரிப்போர்ட் செய்தார். நடுவில் அமைச்சரும் இல்லை, கமிட்டியும் இல்லை. இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் குவிவதையும், துறையைச் சுற்றியிருந்த ரகசியத்தையும் இயற்பியலாளர் மேக்நாத் சாஹா கடுமையாக எதிர்த்தார். எம்.பி.யாக இருந்த அவர் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுப்பினார். பாபாவின் வேகத்துக்கும், அவரைக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போனதுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த நேரடித் தொடர்பு.

1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி டிராம்பேயில் அப்சரா ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கியது. கட்டியது இந்தியப் பொறியாளர்கள். எரிபொருள் மட்டும் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையை நாம் கட்டலாம், யுரேனியத்தைச் செறிவூட்ட நம்மால் முடியாது. அந்தச் சிக்கல் அப்போதே கண்முன் இருந்தது.

மூன்று கட்டத் திட்டம்

இயற்கையாகக் கிடைக்கும் யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். அதை 2, 3 சதவீதமாக உயர்த்துவதுதான் செறிவூட்டல். அன்று அது விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளிடம் மட்டுமே இருந்த தொழில்நுட்பம்.

இன்னொரு பக்கம் பாருங்க. இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். கேரளக் கரையிலும், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. இதை வைத்து பாபா 1954-ல் ஒரு மூன்று கட்டத் திட்டத்தை வகுத்தார். முதல் கட்டம்: செறிவூட்டாத யுரேனியத்தைக் கனநீர் உலையில் எரித்து மின்சாரமும் புளூட்டோனியமும் எடுப்பது. இரண்டாவது: அந்தப் புளூட்டோனியத்தை வேக ஈனுலையில் போடுவது. மூன்றாவது: தோரியத்துக்கு மாறுவது.

இதில் எந்த இடத்திலும் செறிவூட்டிய யுரேனியம் இல்லை. அதாவது கொதிநீர் உலைக்கு இந்தத் திட்டத்தில் வேலையே கிடையாது.

ஜெனீவாவில் காட்டிய படம்

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில், அணுசக்தியின் அமைதிப் பயன்பாடு பற்றி ஐ.நா.வின் முதல் மாநாடு நடந்தது. தலைமை தாங்கியது பாபா. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆர்கோ என்ற சிற்றூருக்கு, போராக்ஸ்-3 என்ற சோதனை உலை சிறிது நேரம் மின்சாரம் கொடுத்திருந்தது. அந்தச் செய்தியையும் படத்தையும் அமெரிக்கக் குழு இந்த மாநாட்டுக்குக் கொண்டுவந்தது.

போராக்ஸ் ஒரு கொதிநீர் உலை. உலைக்குள்ளேயே தண்ணீர் கொதித்தால் குமிழிகளால் உலை தாறுமாறாக ஏறி இறங்கும் என்ற பயம் அதற்கு முன் இருந்தது. 1953-லிருந்து நடந்த போராக்ஸ் சோதனைகள் அந்தப் பயத்தைப் பெருமளவு போக்கின. 1960-ல் அமெரிக்காவின் டிரெஸ்டனில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் சுமார் 200 மெகாவாட் கொதிநீர் உலையை ஓட்டிக் காட்டியது.

சரி, இந்த உலைக்குள் நீராவி எப்படி வருகிறது?

நிலக்கரி நிலையமோ அணுமின் நிலையமோ, கடைசியில் நடப்பது ஒண்ணுதான். தண்ணீரை நீராவியாக்கு, அதை டர்பைன் மேல் செலுத்து, டர்பைன் சுற்றினால் மின்சாரம். வித்தியாசம் அடுப்பில்தான்.

உயரமான, தடித்த எஃகுக் கலன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் நடுப்பகுதியில் எரிபொருள். யுரேனியம் ஆக்சைடு வில்லைகளை சிர்கோனியம் கலவைக் குழாய்களில் அடைத்து, குழாய்களைக் கட்டுகட்டாக நிறுத்தியிருப்பார்கள். தாராப்பூரில் ஓர் உலைக்கு 284 கட்டுகள். யுரேனியம் பிளவுபடும்போது குழாய்கள் சூடாகும். கீழிருந்து மேலே போகும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

கலனுக்குள் அழுத்தம், வெளிக்காற்றைப் போல சுமார் 70 மடங்கு. வீட்டுக் குக்கரில் அழுத்தம் இரண்டு மடங்கு ஆனதும் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும் இல்லையா? அதே விதிதான். 70 மடங்கில் தண்ணீர் சுமார் 285 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். டர்பைனை வேகமாகச் சுற்ற அப்படிப்பட்ட நீராவிதான் வேண்டும்.

எரிபொருள் கட்டுகளைத் தாண்டி மேலே வரும் தண்ணீர் முழுவதும் ஆவியாகிவிடாது. எடைக்கணக்கில் பத்தில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலாகத்தான் நீராவி, மீதி கொதிக்கும் தண்ணீர். இந்தக் கலவையை அப்படியே டர்பைனுக்கு அனுப்பினால், நீர்த்துளிகள் பட்டுப் பட்டு டர்பைன் இதழ்கள் அரித்துப்போகும். அதனால் முதலில் நீராவிப் பிரிப்பான் வழியாக அனுப்புவார்கள். அது கலவையைச் சுழல விடும். கனமான தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக் கீழே இறங்கும், இலேசான ஆவி மேலே போகும். அதற்கும் மேலே உலர்த்தி. வளைந்து வளைந்து போகும் தகடுகளில் மீதி ஈரமும் ஒட்டிக்கொள்ள, கிட்டத்தட்ட உலர்ந்த நீராவி குழாய் வழியாக நேராக டர்பைனுக்குப் போகும்.

வேலை முடிந்த நீராவி கண்டென்சருக்குப் போய்த் தண்ணீராகும். தாராப்பூரில் அதைக் குளிர்விப்பது அரபிக்கடல் தண்ணீர். இரண்டும் தனித்தனி வழியில் ஓடுவதால் கலக்காது. குளிர்ந்த தண்ணீர் மறுபடியும் உலைக்கு. பிரிப்பானில் கீழே விழுந்த தண்ணீரும் இதோடு சேர்ந்து அடிப்பகுதிக்குப் போய் மறுபடி மேலே ஏறும்.

இங்கே தண்ணீருக்கு இன்னொரு வேலையும் இருக்கு. பிளவில் பிறக்கும் நியூட்ரான்கள் அதிவேகத்தில் பறக்கும். வேகம் குறைந்தால்தான் அடுத்த யுரேனிய அணுவை எளிதில் பிளக்க முடியும். அந்த வேகத்தைக் குறைப்பது தண்ணீர்தான். இப்போ யோசிச்சுப் பாருங்க: உலை அதிகமாகச் சூடானால் குமிழிகள் கூடும், குமிழி இருக்கும் இடத்தில் தண்ணீர் குறையும், நியூட்ரான்களின் வேகம் சரியாகக் குறையாது, பிளவுகள் குறையும், உலை தானாகவே தணியும். போராக்ஸ் சோதனைகள் காட்டியது இதைத்தான். மின்சாரம் கூடுதலாக வேண்டுமென்றால் பம்பு வழியாகத் தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டிக் குமிழிகளை விரட்டினால் போதும்.

இன்னொரு விஷயம்: உலையைக் கட்டுப்படுத்தும் தண்டுகள் இதில் கீழிருந்து மேலே நுழையும். மேல்பகுதியைப் பிரிப்பானும் உலர்த்தியும் அடைத்துக்கொண்டிருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. எரிபொருளைத் தொட்டு வந்த அதே நீராவிதான் டர்பைன் வரை போகிறது. தண்ணீரிலுள்ள ஆக்சிஜன், கதிரியக்க நைட்ரஜன்-16 ஆக மாறும். அதன் அரைவாழ்வு சுமார் 7 விநாடிதான். உலையை நிறுத்திய சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆனா ஓடும்போது டர்பைன் பக்கம் தடுப்பு இல்லாமல் யாரும் போக முடியாது. கூடங்குளத்தில் இப்படி இல்லை. அங்கே உலைத் தண்ணீரை 150 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் கொதிக்க விடாமல் வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டை வாங்கி, வேறொரு தண்ணீர்தான் தனிக் கலனில் ஆவியாகும்.

அப்போ பாபா ஏன் இதை வாங்கினார்?

1950-களின் கடைசியில் பாபாவுக்கு நெருக்கடி. அணுமின்சாரம் நிலக்கரியைவிடக் கட்டுப்படியாகாது என்று பொருளாதார அறிஞர் ஐ.எம்.டி. லிட்டில் போன்றவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும் வாக்குறுதிகள் கொடுத்தாகிவிட்டது, காட்டுவதற்கு ஓர் அணுமின் நிலையம் இல்லை. எங்கே கட்டினால் கணக்கு சரியாக வரும்? நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து தூரமான, அதே சமயம் ஆலைகள் நிறைந்த மேற்குக் கரையில். தாராப்பூரைத் தேர்ந்தெடுத்ததன் பின்னணி இதுதான்.

1960-ல் உலகளாவிய டெண்டர். எந்த வகை உலையும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். வந்தவற்றில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கொதிநீர் உலை தேர்வானது. டிரெஸ்டனில் ஓடிக்கொண்டிருந்த வடிவம், கட்டி முடித்துச் சாவியைக் கையில் தரும் ஒப்பந்தம், கூடவே அமெரிக்க அரசின் 8 கோடி டாலர் கடன். வட்டி முக்கால் சதவீதம், திருப்பிக் கட்ட 40 ஆண்டு. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய நாட்டுக்கு இதை மறுப்பது கஷ்டம்.

பதிலுக்குக் கொடுத்தது என்ன? 1963-ல் போட்ட 30 ஆண்டு ஒப்பந்தப்படி எரிபொருள் அமெரிக்காவிடமிருந்து மட்டும்தான். அதோடு, உலையும் எரிபொருளும் வெளியார் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை உருவான நேரத்தில் இந்த மாதிரிக் கண்காணிப்பை மிகக் கடுமையாக எதிர்த்தவர் பாபா. தாராப்பூருக்காக அவரே இறங்கி வந்தார்.

ஆனா எல்லா முட்டையையும் அவர் அந்தக் கூடையில் போடவில்லை. அதே 1963-ல் கனடாவுடனும் ஒப்பந்தம் செய்தார். ராஜஸ்தானில் கோட்டா அருகே செறிவூட்டாத யுரேனியத்தில் ஓடும் கனநீர் உலை. தாராப்பூர் சீக்கிரம் மின்சாரம் தர, ராஜஸ்தான் நாமே கற்றுக்கொள்ள. இப்படித்தான் அவருடைய கணக்கு இருந்தது என்பதை அடுத்தடுத்த ஒப்பந்தங்களே காட்டுகின்றன.

தாராப்பூர் ஓடியதை அவர் பார்க்கவில்லை

1966 ஜனவரி 24. வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் சென்ற ஏர் இந்தியா போயிங் 707, ஜெனீவாவில் இறங்கும் முன் மோன் பிளாங்க் மலையில் மோதியது. விமானத்திலிருந்த 117 பேரும் இறந்தனர். பாபாவுக்கு 56 வயது. சதி என்ற பேச்சு இன்றுவரை சுற்றுகிறது. மலையிலிருந்து விமானம் எங்கே இருக்கிறது என்பதை விமானி தவறாகக் கணித்ததே காரணம் என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு.

இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்ற அதே நாள் அது. தாராப்பூரில் கட்டுமானம் பாதியில் இருந்தது. திருமணம் செய்துகொள்ளாத பாபா, படம் வரைவார், மேற்கத்திய செவ்வியல் இசைப் பிரியர், டிராம்பேயில் மரம் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை தானே பார்த்துச் செய்தவர். அடுத்த ஆண்டு அந்த டிராம்பே மையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பில் வந்தது 1974-க்குப் பிறகு

1974 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணு வெடிப்புச் சோதனை நடத்தியது. 1978-ல் அமெரிக்கா புதிய சட்டம் கொண்டுவந்தது. முழுக் கண்காணிப்பை ஏற்காத நாட்டுக்கு எரிபொருள் கிடையாது. கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தும் தாராப்பூருக்கான யுரேனியம் இழுபறியானது. 1982-ல் ஏற்பட்ட சமரசத்தில் பிரான்ஸ் எரிபொருள் தந்தது. பிறகு சீனா, அதன் பிறகு ரஷ்யா. ஒவ்வொரு முறையும் ஒரு மின் நிலையத்தின் எரிபொருளுக்காக வெளியுறவுத் துறை மேசையில் உட்கார வேண்டியிருந்தது.

நீராவியிலும் சிக்கல் வந்தது. தாராப்பூர் உலைகளில் முதன்மை நீராவி போக, சூடான உலைத் தண்ணீரின் ஒரு பகுதியைத் தனிக் கலன்களுக்கு அனுப்பி, அங்கேயும் குறைந்த அழுத்தத்தில் நீராவி எடுத்தார்கள். டிரெஸ்டனிலிருந்து வந்த ஏற்பாடு அது. அந்தக் கலன்களின் குழாய்களில் கசிவு வந்தது. 1980-களின் நடுவில் அவற்றைத் துண்டித்துவிட்டார்கள். உலைக்கு 210 மெகாவாட் என்றிருந்த திறன் 160 ஆக இறங்கியது.

கனடாவும் 1974-க்குப் பிறகு விலகிக்கொண்டது. ஆனா அங்கே கதை வேறு மாதிரி போனது. ராஜஸ்தானின் இரண்டாவது உலையை இந்தியப் பொறியாளர்களே முடித்தார்கள். அதே வடிவத்தில் கல்பாக்கத்தின் முதல் உலையை நாமே கட்டி 1984-ல் வணிக உற்பத்தியைத் தொடங்கினோம். அந்த வடிவம்தான் நாட்டின் பல இடங்களுக்கும் போனது. கொதிநீர் உலை மறுபடி கட்டப்படவே இல்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

பாபா தப்பாகக் கணித்தவை உண்டு. 1980-க்குள் 8,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று சொன்னார். அந்த ஆண்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எரிபொருள் ஒப்பந்தம் 30 ஆண்டும் நிற்கும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை.

ஆனா தாராப்பூரைத் தோல்வி என்று எழுதிவிடவும் முடியாது. குறைந்த திறனில் ஓடினாலும் 2019-ல் அந்த இரண்டு உலைகளும் 50 ஆண்டைத் தாண்டின. பல ஆண்டுகள் நாட்டிலேயே மிக மலிவான அணுமின்சாரம் அங்கிருந்து வந்தது. ஓர் அணுமின் நிலையத்தை ஓட்ட, பழுது பார்க்க, எரிபொருள் மாற்ற இந்தியப் பொறியாளர்கள் முதலில் கற்றது அங்கேதான். 2020-ல் பெரிய பராமரிப்பு வேலைக்காக இரண்டும் நிறுத்தப்பட்டன.

நாமே செய்வதா, ரெடியாக இருப்பதை வாங்குவதா என்ற கேள்வி உங்கள் அலுவலகத்திலும் வாரம் ஒரு முறையாவது வரும். அப்போது விலையையும் டெலிவரி தேதியையும் மட்டும் பார்க்காமல், அது தினமும் எதைத் தின்று ஓடும், அந்தத் தீனி யார் கையில் இருக்கும் என்றும் கேட்டுப் பாருங்கள். தாராப்பூரில் இயந்திரம் நம்மிடம் இருந்தது, தீனி இல்லை. பாபா அதே ஆண்டில் ராஜஸ்தானிலும் கையெழுத்துப் போட்டிருந்ததால்தான் நாட்டின் அணுமின் திட்டம் 1974-க்குப் பிறகும் நின்றுபோகவில்லை.